வேர்ட்பிரஸ் பதிவை நிரல்களாகப் பிரிப்பது எப்படி? கோடிங் தேவையில்லை

உங்கள் வேர்ட்பிரஸ் வலைப்பதிவில் ஒடியல் கூழ் செய்முறையை எழுதி வெளியிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேவையான பொருட்கள் இடப்பக்கம், செய்முறை வலப்பக்கம் என்று இரண்டு நிரல்களில் (பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பெட்டிகளில்) இருந்தால், அடுப்படியில் நின்று வாசிப்பவர் மேலும் கீழும் தேடி அலையத் தேவையில்லை. இதற்குத் தனியாகப் பிளகினும் (கூடுதலாக நிறுவும் துணைச்செயலியும்) வேண்டாம். 2018 டிசெம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ் எடிட்டரில் இந்த வசதி இருக்கிறது.

முதலில் புதிய பதிவைத் திறந்து, எழுதும் இடத்தில் / குறியைத் தட்டி, இடைவெளி விடாமல் 'கொலம்ஸ்' (columns) என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரும் பட்டியலில் அதைத் தெரிவு செய்ததும் 50/50, 33/66 என்று, நிரல்களின் அகலத்தைச் சதவீதத்தில் சொல்லும் சில அமைப்புகள் தெரியும். கூழுக்கு 33/66 போதும். இப்போது இரண்டு பெட்டிகள் வந்திருக்கும். இடப்பெட்டியின் + ஐ அழுத்தி, 'லிஸ்ட்' எடுத்து, ஒடியல் மா, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை என்று நிரப்புங்கள். வலப்பெட்டியில் செய்முறையை எழுதி, படத்தையும் அங்கேயே சேருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். நிரலின் அகலத்தை மாற்ற நினைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் பந்திதான் தெரிவாகும். மேலே இடப்பக்கம் உள்ள 'டொக்குமென்ட் ஓவர்வியூ' பொத்தானை அழுத்தி, 'லிஸ்ட் வியூ' எடுங்கள். எது எதற்குள் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதில் 'கொலம்' என்பதைத் தெரிவு செய்தால், வலப்பக்கப் பலகையில் அகலத்தைச் சதவீதத்தில் மாற்றலாம்.

எழுத்து உள்ள பதிவுக்கு இரண்டு நிரல்களுக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய நிரலில் 'மரவள்ளிக்கிழங்கு' ஒன்றே ஒரு வரியை எடுத்துவிடும், வாசிக்கவே களைப்பாக இருக்கும். வெறும் படங்கள் என்றால் மூன்று நிரல் அழகுதான்.

போனை மறக்கவே கூடாது. திரையின் அகலம் 782 பிக்சலுக்குக் குறைந்தால், நிரல்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்; இடது நிரல் மேலே வரும். அதனால்தான் பொருட்களை இடப்பக்கம் வைத்தோம். 'ஸ்டாக் ஒன் மொபைல்' என்ற தெரிவு ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும், அதை அணைக்காதீர்கள். மேலே வலப்பக்கம் உள்ள 'வியூ' பொத்தானில் 'மொபைல்' எடுத்து, வரிசை சரியா என்று பார்த்த பிறகு வெளியிடுங்கள்.

பழைய பதிவையும் இப்படி மாற்றலாம். பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டிய இரண்டு பந்திகளைச் சேர்த்துத் தெரிவு செய்து, மேலே வரும் கருவிப்பட்டையின் முதல் சின்னத்தை அழுத்தி, 'கொலம்ஸ்' எடுங்கள். ஒவ்வொரு பந்தியும் ஒரு நிரலாகிவிடும்.