இன்சோல் வாங்குவதற்கு முன் ஷூவைப் பாருங்கள்

இன்சோல் என்றால் ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தட்டு. காலுக்கு அளவெடுத்து அதைச் செய்து கொடுக்கும் எங்கள் பட்டறைக்குக் கால் வலி என்று வருகிறவர்கள் பலர் கையில் ஒரு பையோடு வருவார்கள். ஜெல் இன்சோல், மெமரி ஃபோம், குதிகாலுக்கு மட்டும் வைக்கும் சிலிக்கான் பேட் என்று வாங்கிப் போட்டுப் பார்த்து, பயன்படாமல் போனதெல்லாம் அதற்குள் இருக்கும். எங்களிடம் புதிதாக வேலை கற்க வருகிற பையன்களும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சைஸ் பார்த்து வாங்குங்கள், இடது வலது மாற்றிப் போடாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். இன்சோல் வாங்குவதிலும் போடுவதிலும் அடிக்கடி நடக்கும் மற்ற தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இடமே இல்லாத ஷூவுக்குள் திணிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். பணமும் வீண், காலுக்கும் கேடு. இன்றும் வாரம் தவறாமல் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

ஒரு ஷூவுக்குள் இருக்கும் இடம் அளவானது. 5 மில்லிமீட்டர் இன்சோல் வைத்தால் பாதம் 5 மில்லிமீட்டர் மேலே ஏறும். ஷூவின் மேல்பாகம் அதற்கேற்ப உயராது. விரல்கள் மேலே இடிக்கும். லேஸ் கட்டும் இடத்தில் பாதம் நெரியும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்சுவரிலிருந்து குதிகால் மேலே வந்துவிடும், நடக்கும்போது வழுக்கி வழுக்கி உரசும். பழைய இன்சோலை எடுக்காமலே அதன் மேல் புதியதை வைத்தால் கேட்கவே வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் காவலாளியாக இருக்கும் ஒருவர் வந்தார். 12 மணி நேர வேலை, பெரும்பாலும் நின்றுகொண்டே. முனை குறுகிய கறுப்பு யூனிஃபார்ம் ஷூ. குதிகால் வலிக்கு ஜெல் இன்சோல் வாங்கி வைத்திருக்கிறார். வலி குறையவில்லை, சுண்டுவிரலில் கால் ஆணி வந்துவிட்டது. கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறார். அங்கே இன்னும் தடிப்பான ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது அந்த ஷூவுக்குள், அதோடு வந்த பழையதையும் சேர்த்து, மூன்று அடுக்கு இருந்தது. பின்குதிகாலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. மூன்றையும் வெளியே எடுத்துவிட்டு, முனை அகலமான, ஆழம் அதிகமான லேஸ் ஷூ ஒன்றை வாங்கிவரச் சொன்னோம். அதில் மிதமான உறுதியுள்ள ஒரே ஒரு இன்சோல் போதுமானதாக இருந்தது. முதலிலேயே ஷூவுக்குச் செலவு செய்திருந்தால் அந்த இரண்டு இன்சோலுக்கும் காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை. “எந்த ஷூவில் வைக்கப்போகிறீர்கள், காட்டுங்கள்” என்று விற்கிறவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்பதில்லை.

அவருக்காவது வலித்தது. சுகரால் கால் மரத்துப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. இறுக்கமான ஷூ அவர்களுக்கு இறுக்கமாகத் தெரியாது. சரியான அளவில் இருப்பது லூசாக, கழன்று விழுவதுபோலத் தோன்றும். அதனால் அவர்களே தேடி இறுக்கமானதை வாங்குவார்கள், அதற்குள் இன்சோலையும் திணிப்பார்கள். சாக்ஸில் ஈரம் பட்டுப் பார்த்தால்தான் விரலில் புண் இருப்பது தெரியும். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களில் கண்டு சொன்னது இதுதான்: நோய் சதையை அரிப்பதால் அல்ல, உணர்ச்சியற்ற காலில் அழுத்தமும் உரசலும் திரும்பத் திரும்ப விழுவதால்தான் புண் வருகிறது. தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பை இன்று சுகர்காரர்களும் போடுகிறார்கள். அதன் மெத்தென்ற ரப்பரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மேலே உள்ள அகலமான, தளர்த்தி இறுக்கக்கூடிய பட்டையும் பின்வாரும் அதே அளவு முக்கியம்.

சுகர் இருந்தால் இன்சோல் வாங்குவதற்கு முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. பாதம் சிவந்து, சூடாக, வீங்கி இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்போது இன்சோல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, ஷூவில் இடம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உள்ளே இருக்கும் பழைய இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்தில் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஏற்கனவே குறுகல். உருவ வராமல் ஒட்டியிருந்தால் அதில் தடிப்பான இன்சோலை மறந்துவிடுங்கள். புதியதைக் கத்தரிக்கும்போது பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு, விரல் பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். குதிகால் பக்கம் கத்தரி வைத்தால் வளைவுத் தாங்கி, அதாவது பாதவளைவைத் தாங்கும் மேடு, இடம் மாறிவிடும். ஷூ வாங்குவதானால் மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்ற கால் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும். இன்சோலைக் கையோடு கொண்டுபோய், உள்ளே வைத்து, நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவை மாற்றவே முடியாது என்றால் விரல் வரை போகாத முக்கால் நீள இன்சோல் இருக்கிறது. அது முன்பக்க இடத்தைத் தின்னாது.

கையால் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருப்பதை எடுப்பது

உங்கள் கட்டைவிரல் கொடுக்கும் அழுத்தம் வேறு, 70 கிலோ உடம்பு ஒரு குதிகாலில் இறங்கும் அழுத்தம் வேறு. கடையில் மேகம்போல இருக்கும் மெமரி ஃபோம் பலருக்குச் சில வாரங்களில் அப்பளமாகிவிடும். குதிகால் சதை தேய்ந்த வயதானவர்களுக்கு மென்மை உதவும். ஆனால் பாதவளைவுக்குத் தாங்கல் வேண்டும் என்றால் ஈவிஏ என்ற ஃபோம் போன்ற உறுதியான அடிப்பாகமும் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கிண்ணமும் இருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் கடினமாகத்தான் தெரியும்.

அதற்காக உடனே அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோலுக்கும் போக வேண்டாம். சாதாரணக் குதிகால் வலியில், ரெடிமேட் இன்சோலுக்கும் அளவெடுத்துச் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் ஆய்வுகளில் தெரியவில்லை. அளவெடுத்துச் செய்து பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன். உணர்ச்சி இழந்த கால், உருமாறிய பாதம் என்றால் மட்டும் கதை வேறு.

வளைவு உயரமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது

இன்சோலின் வளைவு மேடு பாதத்தைத் தொட்டால் போதும். குத்தக் கூடாது.

ஆபீஸில் இன்சோல், வீட்டில் வெறுங்கால்

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுரீரென்று வலிக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வில்தான் கோளாறு. ஷூவுக்குள் நல்ல இன்சோல் வைத்திருப்பீர்கள். ஆனால் அந்த முதல் அடிகளை டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு வைப்பீர்கள், சமையலறையிலும் வெறுங்காலோடுதான் நிற்பீர்கள். நம் வீடுகளில் செருப்பு உள்ளே வருவதில்லை, அது புரிகிறது. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கிக் கட்டிலுக்கு அருகிலேயே வையுங்கள். கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் நீட்சிப் பயிற்சி செய்யாமல் இன்சோலை மட்டும் நம்பினால் குணமாக நாளாகும்.

வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே பேட் ஒட்டுவது

விரல்களுக்குக் கீழே, முன்பாதத்தில் வலி உள்ளவர்கள் செய்வது. சிறிய குமிழ்போன்ற அந்த பேடை வலிக்கும் எலும்பு முனைக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் எலும்பு முனைகளின் மேல் உள்ள பாரம் குறையும். நேர் கீழே ஒட்டினால் வலி கூடும்.

ஒரு காலுக்கு மட்டும் குதிகால் பேட்

இரண்டு ஷூவிலும் வையுங்கள். கால் நீள வித்தியாசம் என்று டாக்டர் அளந்து சொன்னால் தவிர.

முள்முள்ளான அக்குபிரஷர் இன்சோல்

சுகர் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று ஓடிப்போய் வாங்குவது

சின்னக் குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும், வளைவு பிறகுதான் உருவாகும். வலி இல்லாமல் ஓடி ஆடுகிறதென்றால் விட்டுவிடுங்கள்.

முதல் நாளே காலை முதல் இரவு வரை

முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம். அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு வாரம் கழித்தும் புதிதாக முழங்காலோ இடுப்போ வலித்தால் அந்த இன்சோல் உங்களுக்கானது இல்லை.

மொட்டை மாடியில் காயப்போடுவது

வேர்வை நாற்றம் போகக் கழுவுகிறீர்கள், நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் ஈவிஏ சுருங்கி நெளிந்துவிடும், பிறகு ஷூவுக்குள் படியாது. லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வைக்கும்போது குதிகால் பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மேலே எழும்பாமல் இருந்தால் புதியது வாங்குங்கள்.