உட்கூரை ஒழுகினால்: வேலையை மேலிருந்து தொடங்குங்கள்

உட்கூரையில் பழுப்புக் கறை கண்டதும் பட்டி வாங்க ஓடாதீர்கள். ஒழுகலை அடைக்காமல் பூசிய பட்டி ஐப்பசி மழைக்குப் பொரிந்து கொட்டும். நெல்லைப் பக்கம் இந்த வேலைக்குத் தோதான காலம் மாசி முதல் வைகாசி வரை. தென்காசி, செங்கோட்டையில் ஆனிச் சாரலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

1. கறை ஃபேன், லைட் பக்கமாக இருந்தால் முதலில் அந்த அறைக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள்.

2. கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்பதில்லை. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் பல அடி ஓடித்தான் இறங்கும். மழையில்லாத நாளிலும் ஈரம் காயவில்லையா? தொட்டிக் குழாயையோ மாடிக் குளியலறையையோ பாருங்கள். மற்றபடி, மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கால் அடைத்து, தட்டட்டியில் (மொட்டை மாடித் தளத்தில்) ஓரங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டால் இடம் தெரிந்துவிடும். சுண்ணாம்புக் காரையும் மரக்கட்டையும் போட்ட பழைய கட்டைக்குத்து வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம், பாரம் தாங்காது. அதில் சிமெண்டும் பூசாதீர்கள், விறைப்பான சிமெண்ட் தனியாகப் பிளந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

3. விரிசலை உளியால் அரை அங்குல ஆழத்துக்கு அகட்டி, தூசி போகக் கழுவுங்கள். அடைக்கும் கலவைக்கு சிமெண்ட் 1, சலித்த மணல் 3. ஒரு கிலோ சிமெண்டுக்கு 200 மில்லி லேடெக்ஸ் (சிமெண்டில் கலக்கும் பால் போன்ற ஒட்டுத் திரவம்). முதலில் லேடெக்ஸில் சிமெண்டைக் கூழாகக் கரைத்துத் தடவி, அது பிசுபிசுக்கும்போதே கலவையை அடையுங்கள். கூழ் காய்ந்துவிட்டால் கலவை ஒட்டாது, உரிந்து வரும்.

பெரும்பாலும் ஒழுகுவது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான். அங்கே இரண்டு அங்குலம் சரிவாகப் பூசி, சுவரில் ஓரடி உயரம் வரை நீர்த்தடுப்புப் பூச்சை ஏற்றுங்கள். இரண்டு கோட்டிங் தேவை; முதலாவது ஈரமாக இருக்கும்போதே விரிசல் மேல் ஃபைபர் வலையைப் பதித்து, இரண்டாவதைக் குறுக்காக இழுங்கள். சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில் பூசினால் தளத்தில் பிடிக்குமுன் மேல்தோல் காய்ந்துவிடும். காலையிலோ வெயில் தாழ்ந்தோ பூசுங்கள்.

4. அப்புறம்தான் உட்கூரை. சுத்தியலால் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும் காரையை முழுவதும் கொத்தி எடுங்கள். கம்பித் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, அதே கலவையை அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். தடிமனாக அப்பினால் சொந்தப் பாரத்திலேயே விழும். ஏழு நாள் ஈரம் காட்டி, நன்றாகக் காய்ந்தபின் பட்டி, பெயிண்ட். கம்பி கால் பங்குக்கு மேல் அரித்துப்போயிருந்தால் இது பூச்சு வேலை அல்ல, பொறியாளரிடம் காட்டுங்கள்.

புரட்டாசிக்குள் மழைநீர்க் குழாய் வாயில் அடைந்த வேப்பஞ்சருகை அள்ளுங்கள். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரைத் தளத்தில் விடாமல் குழாய் வைத்து இறக்குங்கள்.