பிள்ளை பார்க்க வீட்டோடு ஆள்: தனியாக நிற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

துணை இல்லாமல் பிள்ளையோடு தனியாக நிற்பவர்கள், முதல் மாதத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "வீட்டோட இருந்து பிள்ளையப் பாத்துக்க ஒரு ஆள் இருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வைப்பார்கள். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இப்படிச் சொன்னால், பென்னாகரம், அஞ்செட்டி பக்கமிருந்து ஒரு அம்மா பையோடு வந்து நிற்பார். இரண்டு மாதத்தில் போயும்விடுவார். என்ன வேலைக்கு ஆள் என்று முடிவு செய்யாமலே ஆளைத் தேடியதன் பலன் அது.

ஆள் தேடுவதற்கு முன் ஒரு தாளில் வாரத்தின் ஏழு நாளையும் எழுதுங்கள். நீங்களும் இல்லாமல், பள்ளியோ அங்கன்வாடியோ இல்லாமல் பிள்ளை இருக்கும் நேரத்தை மட்டும் குறியுங்கள். பகல் ஷிப்டு மட்டும் போகிறவருக்குப் பெரும்பாலும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம்தான் வரும். அதற்கு அதே தெருவில் இருக்கும் ஒருவர் போதும். இரவு ஷிப்டு மாறி மாறி வருகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும்தான் வீட்டோடு ஆள் உண்மையில் வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கவும் விட வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டே இதை ஹெச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேட்காதவர்கள் நிறைய.

வீட்டோடு இருக்கிறவர் நாள் முழுக்க வேலையில் இருக்கிறவர் என்று எண்ணுவதுதான் மிக ஆபத்தான தவறு. இரவில் மூன்று தடவை எழுந்து குழந்தையைச் சமாதானம் செய்தவர், காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்து, சமையலும் துணியும் முடித்துவிட்டு உட்கார்ந்தால் பதினோரு மணிக்குக் கண் அசந்துவிடும். தவழும் குழந்தை அப்போதுதான் பாத்ரூமுக்குப் போகும். பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது. எனவே பிள்ளை வேலையையும் வீட்டு வேலையையும் பிரித்து எழுதுங்கள். இரவு விழித்தால் மறுநாள் பகலில் தூங்க நேரம், வாரம் ஒரு நாள் லீவு, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய படுக்கை இடம் ஆகியவை சலுகைகள் அல்ல, பிள்ளையின் பாதுகாப்புக்கான செலவு.

"வீட்டுல ஒருத்தியா இருந்துக்கம்மா" என்று சொல்லிச் சம்பளத்தைப் பேசாமல் விடுவது நம் பக்கம் சகஜம். தூரத்துச் சொந்தம் என்றால் இன்னும் மோசம். தொகை, கொடுக்கும் தேதி, ஊருக்குப் போய்வர பஸ் காசு யாருடையது என்பதை முதல் நாளே பேசுங்கள். ஆளை நிறுத்தி வைக்கவென்று பெரிய முன்பணம் கொடுப்பதும் தப்பு. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976 முதல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகாதீர்கள்.

"ஊர்ல சும்மாதான் இருக்கா" என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணை அனுப்பி வைக்க இன்னமும் ஆள் இருக்கிறார்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு குழந்தையிடம் இன்னொரு குழந்தையை ஒப்படைக்க முடியாது.

ஆதார் நகல் ஆள் யார் என்று சொல்லும். எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்குப் போன் செய்து, ஏன் வேலையை விட்டு நின்றார், இரவில் அவரிடம் பிள்ளையைத் தனியாக விட்டீர்களா, மறுபடி கூப்பிடுவீர்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காவல் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். முடிந்தால் ஒருமுறை அவர் ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். பொங்கல், ஆடிப் பதினெட்டு, ஊர் மாரியம்மன் பண்டிகை, பேரப்பிள்ளைகளின் லீவு என்று எப்போதெல்லாம் ஊர் அவரைக் கூப்பிடும் என்பது அங்கே தெரியும். மாம்பழக்கூழ் சீசனில் கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் நிறையப் போவார்கள். அந்த மாதங்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், இருக்கும் ஆளும் நழுவலாம். மாற்று ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை என்றால், வேலைக்கு வருகிறவருக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். கூச்சப்படாமல், நீங்களும் கூடப் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

"நாலு பிள்ளை வளத்தவங்க, அவங்களுக்குத் தெரியாததா" என்று கைவைத்தியத்தை அவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டாம். வசம்பு, தூங்க வைக்கச் சளி சிரப் எதுவும் வேண்டாம். காய்ச்சல் மருந்தில் குழப்பம் அதிகம்: பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மி.கி. சிரப் பழகிய கை சொட்டு மருந்தையும் 5 மில்லி ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போகும். வீட்டில் ஒரே வகை பாட்டிலை வைத்து, டாக்டர் சொன்ன அளவை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம் உள்ள ஊர்களில் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். கொதித்தால் தண்ணீர் வற்றும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும். பால்பவுடர் கலக்கவும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீர்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சேர்ந்த மறுநாளே பிள்ளையை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவது இன்னொரு தவறு. மூன்று நாள் கூடவே இருங்கள். பிறகு இரண்டு மணி நேரம், அரை நாள், கடைசியாக ஒரு இரவு என்று விட்டுப் பாருங்கள். இந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் உண்டு.

பிள்ளையோடு தனியாக இருக்கும் அப்பாக்கள், தங்கும் பெண் ஆளை வைப்பதற்கு முன் அம்மாவையோ அக்காவையோ கூட இருக்கச் சொல்லுங்கள். ஊர் வாயை அடைக்க மட்டுமல்ல, வருகிற பெண்ணும் பயமில்லாமல் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் பகல் ஆளே போதும்.

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால், பிள்ளையை யார் யாரிடம் கொடுக்கலாம் என்று பெயரும் போன் நம்பரும் எழுதி ஆளிடம் கொடுங்கள். உத்தரவின் நகல் ஒன்று வீட்டிலும் ஒன்று பள்ளியிலும் இருக்கட்டும். பிரிந்திருக்கும் துணை வந்து வாசலில் நின்றால், ஆள் வாக்குவாதம் செய்யாமல் முதலில் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், நீங்கள் எடுக்கவில்லை என்றால் அடுத்து யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.