படை வாங்கும் முன் ஒரு சண்டை: மினியேச்சர் போர் விளையாட்டில் கைக்காசைக் கரைக்கும் தவறுகள்

எங்கள் கூட்டத்தில் நாலு பேர். பெருந்துறையில் ஒருவன், கோபியில் ஒருவன், திருப்பூரில் நானும் இன்னொருவனும். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் மேஜை நிறையப் படை அடுக்கி ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ளாமல் ஆளாளுக்கு ஆர்டர் போட்டோம். பெட்டிகள் எல்லாம் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை கோபிக்காரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தோம். ஒருவனிடம் ரோமானியர்கள். ஒருவனிடம் இரண்டாம் உலகப்போர் ஜெர்மானியர்கள். ஒருவனிடம் சாமுராய்கள். என்னிடம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை. காலம்தான் பொருந்தவில்லை என்றால், ரோமானியன் ஜெர்மானியனின் இடுப்புக்குத்தான் வந்தான். "ஏஞ்சாமி, இதுக்கா இத்தன பணம்?" என்று நண்பனின் அம்மா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டுப் போனார். பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கலைந்தோம். அன்றைக்கு ஒரு சண்டைகூட நடக்கவில்லை.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரலாற்றில் நடந்த போரை, சின்னப் பொம்மைப் படைகளை வைத்து மேஜைமேல் மறுபடி நடத்திப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டு. சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பிரஷ்ய ராணுவம் 1824லேயே தன் அதிகாரிகளுக்கு இப்படியொரு பயிற்சி கொடுத்தது. அவர்கள் வைத்து ஆடியது பொம்மைகூட இல்லை, வரைபடத்தின்மேல் சின்னச் சின்னக் கட்டைகள்.

அந்தக் கட்டைகளில்தான் எங்கள் முதல் தவறு இருக்கிறது. ஆடிப் பார்ப்பதற்கு முன்னால் வாங்கினோம்.

கல்யாணப் பத்திரிகை போதும்

நம் ஊர் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை. அதுவும் கெட்டி அட்டை. சிவப்புப் பத்திரிகை ஒன்று, மஞ்சள் பத்திரிகை ஒன்று எடுத்து, 4 சென்டிமீட்டர் அகலத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு துண்டு வெட்டுங்கள். எட்டில் 'காலாள்', மூன்றில் 'குதிரை', ஒன்றில் 'பீரங்கி' என்று எழுதுங்கள். படை தயார்.

விதியும் ஒரு பக்கத்துக்குமேல் வேண்டாம். புதியவர்கள் செய்கிற இன்னொரு பெரிய தவறு, இருநூறு பக்க விதிப்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவில் பக்கம் புரட்டுவது. நாங்கள் முதல் மூன்று ஆட்டம் ஆடிய விதி இவ்வளவுதான். காலாள் 10 சென்டிமீட்டர் நகரும், குதிரை 20, பீரங்கி 5. துப்பாக்கி 20 சென்டிமீட்டர் வரை சுடும், பீரங்கி 60. துண்டுக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் அடி. எதிரி மேலே வந்து முட்டினால் இருவரும் பகடை உருட்ட வேண்டும், குறைந்த எண் விழுந்தவனுக்கு அடி, சமமாக விழுந்தால் மறுபடி உருட்டல். பாய்ந்து வந்த குதிரைக்கு ஒன்று கூடுதல். மூன்று அடி வாங்கிய துண்டை எடுத்துவிட வேண்டும். பாதிப் படை போனவன் தோற்றான். பகடைக்குப் பரமபத டப்பாவைத் திறந்தால் போதும்.

இப்படி ஆடினால் ஒரு மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடியும். பழைய துப்பாக்கியின் குண்டு நூறு கஜத்துக்கு மேல் போனால் பட்டால்தான் உண்டு என்ற சங்கதி, குதிரையை முன்கூட்டியே ஓடவிட்டு, துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் நிறுத்திக் கெடுத்துக்கொண்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்றாம் ஆட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சாமுராய் வாங்கியவனுக்கு இந்த விளையாட்டே ஒத்துவரவில்லை. "மாப்ள, இதுக்கு சினிமாவுக்கே போயிருக்கலாம்" என்றான். அவன்மேல் குற்றமில்லை. பத்திரிகை அட்டையில் முதலிலேயே ஆடியிருந்தால் அவன் பணமாவது மிஞ்சியிருக்கும்.

ஆளுக்கொரு படை வேண்டாம்

பிடித்துப்போனது, வாங்கத்தான் போகிறோம் என்று முடிவாகிவிட்டதா? சரி. நண்பர்கள் சேர்ந்து மூன்று விஷயத்தைப் பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காலம், எந்த அளவு, பொம்மைகளை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டு எவ்வளவு அகலம். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் யார் வாங்கியதும் யாருக்கும் உதவும். இன்னும் நல்லது, சீட்டுப் போடுகிற மாதிரி மாதம் ஒரு தொகையைப் பொதுவில் போட்டு, இரண்டு படையையும் கூட்டாக வாங்குவது. அப்போதுதான் ஒருவன் வேலைக்கு வெளியூர் போனாலும் ஆட்டம் நிற்காது.

அளவு என்பதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். கடைப் படங்களில் கண்ணைப் பறிப்பவை 28 மில்லிமீட்டர் பொம்மைகள். முகத்தில் மீசைகூடத் தெரியும். ஆனால் விலை ஏறும், மேஜையும் பெரிதாக வேண்டும். 15 மில்லிமீட்டர் பெரும்பாலும் உலோக வார்ப்பு. கைக்கு அடக்கம், ஆனால் அனுப்பும் செலவு கடிக்கும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு பிளாஸ்டிக்தான் கையில் காசு குறைந்தவர்களுக்கு ஏற்றது என்பது என் கட்சி. ஐந்தே முக்கால் அடி ஆள் இதில் சுமார் 24 மில்லிமீட்டர் உயரம் வருவான். ஏர்ஃபிக்ஸ், இத்தாலெரி, ஸ்வெஸ்டா போன்ற தயாரிப்பாளர்கள் இந்த அளவில் போடும் காலாட்படைப் பெட்டி பலவற்றில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். ஒரு தட்டுக்கு மூன்று காலாள், இரண்டு குதிரை என்று ஒட்டினால், பக்கத்துக்கு ஒரு காலாட்படைப் பெட்டியும், இருவருக்கும் பொதுவாக ஒரு குதிரைப் பெட்டியும் வாங்கினால் பன்னிரண்டு தட்டுப் படைகள் இரண்டுமே கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்க நினைக்கிறவர்கள் பொம்மை விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பொம்மைகள்மீதான அடிப்படை இறக்குமதி வரியை 2020ல் 60 சதவீதமாகவும் 2023ல் 70 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். தபால் செலவும் வரியும் சேர்ந்தால் சில சமயம் பொம்மையைவிட அதுவே அதிகம். உள்ளூர்க் கடையில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது வெட்கக்கேடு ஒன்றும் இல்லை.

திரீடி பிரிண்டர் வாங்கலாமா என்று கோவைப் பக்கத்து நண்பர்கள் உடனே கேட்பார்கள். முதல் வருடம் வேண்டாம். ரெசின் (திரவப் பிசின்) பிரிண்டர் என்றால் கையுறை, கழுவும் ஆல்கஹால், நாற்றம் போக ஜன்னல், அப்புறம் பாழான பிரிண்டுகள் என்று அதுவே தனியொரு பொழுதுபோக்கு. பத்துப் பொம்மை வேண்டுமென்றால் பிரிண்ட் போட்டுத் தருகிறவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

தட்டுக்கு 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, போதும். போர்டு எழுதுகிற கடைகளில் லேசர் வைத்திருந்தால் 40க்கு 20, 40க்கு 40 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுங்கள், நூறு துண்டு ஒரு டீ குடிப்பதற்குள் வந்துவிடும். "இத்தன சின்னதா வெட்டி என்னங் பண்ணப் போறீங்?" என்று கேட்பார். பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் போகும்.

வர்ணம் உரிந்த கதை

நான் அதிகம் வருத்தப்பட்டது இதில்தான். பெட்டியைப் பிரித்த அன்று இரவே இருபது பிரெஞ்சுக்காரர்களுக்கு நீலக் கோட்டு அடித்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு துப்பாக்கியை லேசாக வளைத்தேன், அவ்வளவுதான், நீலம் செதில் செதிலாகக் கொட்டியது. இந்த அளவுப் பொம்மைகளில் பெரும்பாலானவை வளையக்கூடிய மெது பிளாஸ்டிக். அச்சிலிருந்து எடுக்கத் தடவும் எண்ணெய்ப் பசை வேறு மேலே இருக்கும். அதன்மேல் வர்ணம் பிடிக்காது.

இப்போது செய்வது இப்படி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் காய விடுகிறேன். அப்புறம் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் கறுப்பு அக்ரிலிக். அதன்மேல் மூன்றே வர்ணம், கோட்டு, கால்சட்டை, தோல். மடிப்புகளில் கறுப்பை அப்படியே விட்டுவிட்டால் நிழல் தானாக விழும். கடைசியில் மறுபடி ஒரு ஃபெவிகால் பூச்சு. துப்பாக்கி வளைந்தால் பூச்சும் சேர்ந்து வளைகிறது, உரிவதில்லை. ஆட்டத்தின்போது பொம்மையை மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். பொத்தானுக்கு மஞ்சள் வைக்கப் போய் பத்து நாள் கழித்தவன் எங்களிலேயே இருக்கிறான்.

சித்திரை வைகாசி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அக்ரிலிக் தட்டிலேயே கட்டியாகிவிடும். டிபன் பாக்ஸில் ஈர ஸ்பான்ஜ் வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் வர்ணம் வைத்தால் மறுநாள்வரை ஈரமாக இருக்கும். அந்த டிபன் பாக்ஸை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அனுபவம்.

போர்க்களத்துக்கு ஒரு பைசாவும் வேண்டாம்

ஆயத்த மரம், ஆயத்தக் குன்று என்று வாங்குவது நம் பகுதியில் இருப்பவர்களுக்குத் தேவையே இல்லை. திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் துணி கிலோ கணக்கில் கிடைக்கும். பச்சையோ காக்கியோ பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, கீழே புத்தகங்களைச் செருகி விரித்தால் மேடும் பள்ளமும் வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் போனால் தேங்காய் மட்டைத் தூள் ஒரு பை கொண்டு வாருங்கள். சலித்து, பச்சை வர்ணத்தில் பிசைந்து, வெயிலில் உலர்த்தினால் தட்டுக்கு ஒட்டும் புல். பீரங்கிப் புகைக்குத் தலையணையிலிருந்து இலவம் பஞ்சு.

எந்தப் போரை ஆடுவது? நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ மாதிரிப் பெரும்போரில் தொடங்குவது பெருந்தவறு. அத்தனை தட்டும் செய்து முடிக்க வருடங்கள் ஆகும். சின்னச் சண்டைகள் நம் வாசலிலேயே நடந்திருக்கின்றன. 1805ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் ஓடாநிலையும் அரச்சலூரும் இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்தது சத்தியமங்கலம். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 செப்டம்பரில், திப்பு கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்து, பவானிக் கரையில் இருந்த கர்னல் ஃபிளாய்டின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையை 13ஆம் தேதி தாக்கினார். மறுநாள் ஃபிளாய்ட் தெற்கே பின்வாங்க, திப்பு துரத்தினார்.

இதை இரண்டு பக்கத்துக்கும் சமப் படை கொடுத்து, ஒருவரை ஒருவர் அழிக்கிற ஆட்டமாக முதலில் ஆடினோம். சப்பென்று இருந்தது. இப்போது திப்புவுக்குப் பதினாறு தட்டு, ஃபிளாய்டுக்கு எட்டு. கும்பெனிக்காரன் ஐந்து தட்டைத் தெற்கு ஓரத்தைத் தாண்டவைத்தால் அவனுக்கு வெற்றி. பீரங்கியை விட்டுவிட்டு ஓடலாமா வேண்டாமா என்று நெற்றி வியர்க்கிறது. ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி மறுபடி ஒன்று. திப்புவையே எடுப்பேன் என்று அடம்பிடிக்கிறவன் எல்லாக் கூட்டத்திலும் ஒருவன் உண்டு, அவனுக்கு இந்த ஏற்பாடுதான் மருந்து.

முதல்முறை களம் அமைத்தபோது பெருந்துறைக்காரன் ஆர்வத்தில் வரிசை வரிசையாகத் தென்னந்தோப்பு நட்டு, வாய்க்காலும் வெட்டிவிட்டான். "கீழ்பவானி வாய்க்கால் அப்ப ஏதுடா?" என்று கோபிக்காரன் எல்லாவற்றையும் பிடுங்கினான். பதிலுக்குக் கிளுவை வேலி வைத்தோம், காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களை, சுற்றி நிற்குமே, அந்த மாதிரி. காய்ந்த குச்சியில் மட்டைத் தூளை ஒட்டியது. குதிரை அதைத் தாண்டக்கூடாது என்று ஒரே ஒரு விதி சேர்த்தோம். போன வாரம் என் குதிரை மூன்றும் அந்த வேலிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு நிற்க, ஃபிளாய்டின் ஐந்தாவது தட்டு துணி ஓரத்தைத் தாண்டிப் போனது.