பாம்பனுக்குப் போன புயலும் பரங்கிப்பேட்டையில் நனைந்த உளுந்தும்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பையன்கள் புதிதாக மழைமானியும் காற்றழுத்தமானியும் வாங்கிவிடுகிறார்கள். போன வாரம் ஒருவன் மாடியேறி வந்து, "மாமா, காலையிலிருந்து காற்றழுத்தம் மூன்று மில்லிபார் இறங்கிவிட்டது, ஏதோ வருகிறது" என்று மூச்சிரைக்கச் சொன்னான். மணி மாலை நான்கு. வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதே வாக்கியத்தைச் சொல்லி, மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தையெல்லாம் அம்மாவை அள்ளவைத்தவன் நான்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கடலோரப் பரங்கிப்பேட்டையில் உட்கார்ந்து மழையை அளந்து நோட்டில் எழுதிவருகிறேன். புயல் நேரத்தில் அலை பார்க்கக் கடற்கரைக்குப் போகாதீர்கள், டார்ச் விளக்குக்கு பேட்டரி வாங்கிவையுங்கள் என்பதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வானத்தைக் கவனிக்கத் தொடங்கியவர்கள், கொஞ்சம் தெரிந்துவிட்டது என்ற தைரியத்தில் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

காலையையும் மாலையையும் ஒப்பிடுவது

நம் பகுதியில் காற்றழுத்தம் புயல் இல்லாத நாளிலும் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு. பிறகு இரவு பத்துக்கு ஏறி, விடியற்காலை நான்குக்கு மறுபடி இறங்கும். பகலில் மட்டும் மூன்று மில்லிபார் அளவுக்கு வித்தியாசம் வரும். பையன் பார்த்தது அதைத்தான். இன்றைய மாலை நான்கு மணி அளவை நேற்றைய மாலை நான்கு மணி அளவோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் மூன்று குறைந்திருந்தால் வடகத்தை அள்ளலாம். காலை பத்து மணிக்கு ஏற வேண்டிய அழுத்தம் ஏறாமல் அப்படியே நின்றால் இன்னும் கவனமாக இருங்கள்.

'எங்கே கரையைக் கடக்கிறது?' என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது, முதலில் என்மீது.

2020 டிசம்பர். புரெவி புயல் 2ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. அடுத்து பாம்பன், அப்புறம் கேரளம் என்பதுதான் எல்லார் வாயிலும். 3ஆம் தேதி மாலைக்குள் அது வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது. கடைத்தெருவில் தாழ்வான இடத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மூட்டைகளைப் பரணில் ஏற்றிவிடவா?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷத் தோரணையில், "எதற்கு அண்ணே சிரமம்? அது பாம்பனுக்குப் போகிறது. நமக்கும் அதற்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வலுவும் வேறு இழந்துவிட்டது" என்றேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. முழங்கால் தண்ணீரில் கடைக்குப் போனேன். அடிவரிசையில் இருந்த உளுந்து மூட்டை இரவெல்லாம் ஊறிப் பருத்து, தையல் பிரிந்து, வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. புளித்த மாவு வாடை. அண்ணன் திட்டவில்லை. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாம்பனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

வரைபடத்தில் இருக்கிற புள்ளி புயலின் மையம்; புயல் அந்தப் புள்ளி அல்ல. அதன் மேகத் திரள் சில நூறு கிலோமீட்டர் விரியும். நம் கடற்கரையில் ஓர் எளிய கணக்கு உண்டு. புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வதால், மையத்துக்கு வடக்கே இருக்கிற ஊர்களில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வரும். தெற்கே இருக்கிற ஊர்களில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஆகவே கடல் ஏறுவதும், ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதும் பெரும்பாலும் வடபக்கத்தில். புரெவி பாம்பன் பக்கம் நகராமல் நின்றுவிட்டது. நாங்கள் அதற்கு வடக்கே, கொண்டல் என்கிற கீழ்க்காற்றின் வாயில் நின்றுகொண்டிருந்தோம். அன்று மாலையே காற்று வடக்கே இருந்து வீசும் வாடையிலிருந்து திரும்பிக் கிழக்கே நின்றுவிட்டதை நான் கவனித்தேன். நோட்டில் எழுதியும் வைத்தேன். எழுதிய கை ஒன்று, அண்ணனுக்குப் பதில் சொன்ன வாய் வேறொன்று.

அதற்குப் பிறகாவது ஊர் கற்றுக்கொண்டதா என்றால், இல்லை. 2023இல் மிக்ஜாம். "அது ஆந்திராவுக்குப் போகிறது" என்றார்கள். போனது உண்மைதான், டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளில் சென்னைக்குக் கிழக்கே கடலில் மெல்ல ஊர்ந்தபடியே ஊரை மூழ்கடித்துவிட்டுத்தான் போனது. மையம் சென்னை மண்ணை மிதிக்கவே இல்லை.

2024இல் பெஞ்சல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 'கடந்துவிட்டது' என்று செய்தி வந்ததும் கடலூர்ப் பக்கத்து உறவினர் ஒருவர் நிம்மதியாகப் படுத்தேன் என்றார். கடந்த புயல் அங்கேயே நின்றுகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. வாக்கில் பெய்தது. பிறகு மெல்ல உள்ளே நகர்ந்து, கடலையே பார்க்காத ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூருக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே வெள்ளம்.

ஆகவே என்னிடம் யாராவது 'எங்கே கடக்கும்?' என்று கேட்டால், நான் திருப்பி மூன்று கேள்விகள் கேட்கிறேன். நாம் அதற்கு வடக்கா தெற்கா? எவ்வளவு வேகமாக நகர்கிறது? மேலே எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை விழுகிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். வேகமாக ஓடுகிற புயல் மரத்தைச் சாய்க்கும். நின்று யோசிக்கிற புயல் ஊரை முக்கும். வலுவிழந்தது என்றால் காற்று குறைந்தது என்று மட்டுமே பொருள். மழையைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

உங்கள் தெருவிலேயே இதைச் சரிபார்க்கலாம். கட்டடம் மறைக்காத இடத்தில் காற்று முகத்தில் அடிக்க நில்லுங்கள். மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை திசையைக் குறித்துவையுங்கள். புயல் மேற்கு நோக்கி வரும்போது காற்று வடக்கிலிருந்து கிழக்குப் பக்கம் திரும்பினால் அது உங்களுக்குத் தெற்கே போகிறது. மேற்குப் பக்கம் திரும்பினால் வடக்கே போகிறது. திசையே மாறாமல் காற்று மட்டும் ஏறி, அழுத்தமும் இறங்கிக்கொண்டே போனால், நோட்டை மூடிவிட்டு உள்ளே போங்கள். அது உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது.

கூண்டு எண்ணைக் கூட்டல் கணக்காகப் படிப்பது

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டில் 6 என்பது 5ஐவிட மோசம் அல்ல. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான்: துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், நேரே அல்லது அருகில். 8, 9, 10 பெரும் ஆபத்து, அதே வரிசையில். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

காற்று நின்றதும் வெளியே வருவது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது, நடுவில் காற்று அடங்கியதும் வண்டியை எடுக்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். புயலின் கண், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதி, கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தது. முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரங்களை மறுபாதி முடித்துவைத்தது.

பெயர் வைக்காத மழையை மதிக்காதது

2015 டிசம்பர் 1, சென்னை வெள்ளம். அந்த மழைக்குப் பெயர் இல்லை.

மழைமானியைக் கைப்பிடிச் சுவரோரம் வைப்பது

சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள்.

நிரம்பும் என்று தெரிந்தும் தூங்கிவிடுவது

என் மழைமானி 200 மி.மீ. பிடிக்கும். புரெவி இரவில் ஒரு முறை எழுந்து அளந்து கொட்டியிருக்க வேண்டும். பாம்பனுக்குத்தானே போகிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் அது விளிம்புவரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நோட்டில் அந்த நாளுக்கு நேரே இன்றும் '200க்கு மேல்' என்றுதான் இருக்கிறது.