செண்டுமல்லிய மருந்தா யூஸ் பண்றவங்க பண்ற தப்புகள்

வீடியோல "மேரிகோல்டு எண்ணெய் தடவுனா புண் ஆறும்"னு பாத்துட்டு, பூஜைக்கு வாங்குன செண்டுமல்லி மாலைய உதிர்த்து தேங்காண்ணெய்ல போட்டு காய்ச்சுறாங்க. பெரிய தப்பே இதுதான். இங்கிலீஷ்ல ரெண்டு பூவையும் மேரிகோல்டுன்னு சொல்றதால வர்ற குழப்பம் இது. அந்த வீடியோல வர்றது காலெண்டுலா, மத்தியதரைக்கடல் பக்கத்து செடி. நம்ம மாலைல கட்டுறது டாஜெட்டஸ், மெக்சிகோ பக்கம் இருந்து வந்தது. ரெண்டும் சூரியகாந்தி குடும்பம்தான், ஆனா உள்ள இருக்குற சரக்கு வேற.

காலெண்டுலால ஃபாரடியால் எஸ்டர்னு ஒண்ணு இருக்கு, வீக்கத்த குறைக்கிறதுல அதுக்கு முக்கியமான பங்கு. 2004ல பிரான்ஸ்ல மார்பக புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 254 பெண்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, காலெண்டுலா ஆயின்மென்ட் போட்டவங்கள்ல 41 சதவீதம் பேருக்கு தோல் ஓரளவுக்கு மேல பாதிச்சிருக்கு, வேற க்ரீம் போட்டவங்கள்ல 63 சதவீதம். நல்ல ரிசல்ட்தான், ஆனா அத அப்படியே கொண்டுவந்து செண்டுமல்லிக்கு ஒட்டக்கூடாது.

ஏன்னா செண்டுமல்லில தயோஃபீன்னு ஒரு வகை கெமிக்கல் இருக்கு, அதுல ஆல்ஃபா டெர்தியெனைல் வேர்ல நிறைய இருக்கும், வேரத் தாக்குற நூற்புழுவ கொல்லும், தக்காளி வயல்ல செண்டுமல்லி ஊடுபயிரா போடுறதுக்கு இது ஒரு காரணம். இந்த கெமிக்கல் மேல யூவி வெளிச்சம் பட்டா வீரியம் இன்னும் கூடும். அதனால டாஜெட்டஸ் எசன்ஷியல் ஆயில தோல்ல தடவிட்டு வெயில்ல போனா எரிஞ்சு செவந்துபோக வாய்ப்பிருக்கு, தயவுசெஞ்சு குழந்தைங்களுக்கு தடவவே தடவாதீங்க.

அடுத்தது கண்ணுக்கு நல்லதுன்னு பூவ கொதிக்க வச்சு டீ குடிக்கிறது. கண்ணுக்கு வேலை செய்யுறது லூட்டின்ங்குற மஞ்சள் நிறமி, கேப்சூல்ல வர்ற லூட்டின் பெரும்பாலும் செண்டுமல்லி இதழ்ல இருந்துதான் எடுக்குறாங்க, உண்மை. ஆனா லூட்டின் கொழுப்புலதான் கரையும், தண்ணில கரையாது, அதனால ஃபேக்டரில சால்வென்ட் போட்டு பிரிச்சு எடுக்குறாங்க. டீல இறங்குறது கொஞ்சமே கொஞ்சம். போதாததுக்கு கடைப் பூ சாப்பிடுறதுக்குன்னு வளர்த்தது இல்ல, பூச்சிமருந்து அடிச்சது வயித்துக்குள்ள போகும். லூட்டின் மாத்திரை சாப்பிட்டா கண்ணாடிய கழட்டிடலாம்னு நெனக்கிறதும் தப்பு, பவர் மாறாது.

பார்த்தீனியம், சாமந்தி பட்டாலே அரிப்பு வர்றவங்க காலெண்டுலா க்ரீம கூட முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சூண்டு தடவி ஒரு நாள் பாத்துட்டு யூஸ் பண்ணுங்க. கர்ப்பமா இருக்கவங்க டாக்டர கேக்காம ரெண்டையும் உள்ளுக்கு எடுக்க வேண்டாம். சுகர் இருக்கவங்க கால் புண்ணுல எந்த பூவையும் அரைச்சு கட்டாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.