ஷிஃப்ட் வேலையில இருந்துகிட்டே சபைக்கும் ஒழுங்கா போறது எப்படி

ஓசூர் சிப்காட்ல 11 வருஷமா ஷிஃப்ட் பாக்கறேன், வீடு கிருஷ்ணகிரியில, வீட்டுல அவங்க நர்ஸ், அவங்களுக்கும் மாறி மாறி டியூட்டி. எங்க கிறிஸ்தவ சபைக்கு வர்ற, கம்பெனியில புதுசா வேலைக்கு சேர்ற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட வந்து கேக்கறது ஒரே விஷயம்தான், அண்ணா ஞாயித்துக்கிழமை டியூட்டி போட்டுட்டாங்க, வேலையை விட்டுடவான்னு. விட வேணாம். ஆராதனையையும் விட வேணாம். எனக்கு இது பிடிபட நாலு வருஷம் ஆச்சு, உங்களுக்கு அவ்ளோ நாள் ஆகக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு, ஆராதனைக்குப் போக பொய் சொல்லி லீவு எடுக்காதீங்க. நான் எடுத்திருக்கேன். சேர்ந்த புதுசுல பெரிய வெள்ளிக்கு, அதாவது இயேசு சிலுவையில மரிச்ச நாளுக்கு, லீவு கேக்க பயம், காய்ச்சல்னு போன்ல சொல்லிட்டு மதியம் மூணு மணி நேரம் நடக்கற மும்மணி ஆராதனையில போய் உக்காந்துட்டேன், இயேசு சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையையும் கேட்டேன், ஒண்ணும் உள்ள இறங்கல. மறுநாள் போனா, என் மிஷினையும் சேத்து பாத்த பையன் காலையில 6 மணிக்கு வந்தவன் ராத்திரி 10 வரைக்கும் டபுள் ஷிஃப்ட் நின்னிருக்கான். அவன் என்கிட்ட வந்து, "அண்ணா காய்ச்சல் விட்டுச்சா, கஞ்சி ஏதாவது குடிச்சீங்களா"ன்னு கேட்டான். என்னால அவன் முகத்தை பாக்க முடியல. அன்னையிலிருந்து உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் லீவு கேக்கறேன், கிடைக்காத நாளும் உண்டு, ஆனா கிடைச்ச நாள்ல நிம்மதியா முழங்கால் போட முடியுது.

சரி, எப்படி கேக்கறது. ஷிஃப்ட் சார்ட் ஒட்டினதுக்கு அப்பறம் போய் நின்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா நம்மளை மாத்தினா இன்னொருத்தரை இழுக்கணும். சார்ட் போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கேளுங்க. நான் ஜனவரி மாசமே ஒரு பேப்பர்ல அந்த வருஷத்துக்கு எனக்கு வேணும்கற நாளை எழுதி சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடுவேன், மொத்தமே ஆறேழு நாள்தான் வரும், பெரிய வெள்ளி, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்மஸ், டிசம்பர் 31 ராத்திரி, அப்பறம் புள்ளைங்க சண்டே கிளாஸ் ஆண்டு விழா. நம்ம ஜில்லாவுல நாம கொஞ்ச பேர்தான், அதனால பெரிய வெள்ளின்னா என்ன, அது ஏன் வருஷா வருஷம் தேதி மாறுதுன்னு மேல இருக்கவங்களுக்கு தெரியாது, தெரியலங்கறதுக்கு கோவிச்சுக்கவும் கூடாது. என் சூப்பர்வைசர்கிட்ட, "சார், தைப்பூசம் மாதிரி இதுவும் பௌர்ணமியை வச்சுதான் வருது, மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கு அப்பறமோ வர்ற முதல் பௌர்ணமி, அது முடிஞ்சு வர்ற ஞாயிறு ஈஸ்டர், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பெரிய வெள்ளி"ன்னு சொன்னேன், சட்டுனு புரிஞ்சுகிட்டாரு. 2027-ல ஈஸ்டர் மார்ச் 28, பெரிய வெள்ளி மார்ச் 26, இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க, மார்ச் கடைசின்னா பல கம்பெனியில வருஷக் கணக்கு முடிக்கற நேரம், லீவு கிடைக்கறது கஷ்டம்.

கேக்கும்போது வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போதும். "சார், மார்ச் 26 வெள்ளிக்கிழமை எங்களுக்கு பெரிய வெள்ளி, மதியம் 12 லிருந்து 3 வரை ஆராதனை, அன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட் போட்டா வந்துடுவேன், இல்லன்னா அந்த வாரம் யாரோடயாவது மாத்திக்கறேன்." இதுல லீவே கேக்கல பாருங்க, நேரத்தை மட்டும்தான் கேக்கறோம். பாதி தடவை இப்படி கேட்டாலே ஆயிடும்.

மாத்திக்கறதுன்னா வாங்கறதுக்கு முன்னாடி குடுக்கணும். பொங்கல் முடிஞ்சு எருது விடற விழா வந்தா எங்க லைன்ல பாதி பேருக்கு ஊருக்குப் போகணும், ஆடிப்பெருக்குன்னா தர்மபுரி பக்கத்து பசங்களுக்கு ஒகேனக்கல், ஓசூர்க்காரங்களுக்கு சந்திரசூடேஸ்வரர் தேர், தெலுங்குக்காரங்களுக்கு யுகாதி, பாய்மாருக்கு ரம்ஜான். இந்த நாள்ல எல்லாம் நான் வரேன்னு நானே போய் சொல்லிடுவேன். தீபாவளி அன்னைக்கு கம்பெனி ஓடுதுன்னா என் பேரு முதல்ல இருக்கும். அவங்க பண்டிகைக்கு நாம வேலை பாத்துட்டா பெரிய வெள்ளிக்கு நாம வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுவாங்க. இது வெறும் கணக்குன்னு நினைக்காதீங்க, என் லைன்ல இருக்கறவங்க வீட்டு சந்தோஷமும் எனக்கு முக்கியம்.

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 1948 ஃபேக்டரி சட்டத்துல 52-வது பிரிவு, ஞாயித்துக்கிழமை வேலை வாங்கணும்னா அதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ளயோ பின்னாடி 3 நாளுக்குள்ளயோ ஒரு முழு நாள் லீவு தரணும்னு சொல்லிச்சு, அதுக்கு பதிலா 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த 2020 புது லேபர் கோடுலயும் வாரத்துக்கு 6 நாளுக்கு மேல வேலை வாங்கக்கூடாதுன்னு இருக்கு. ஆக வீக் ஆஃப் நம்ம உரிமை, ஆனா அது ஞாயித்துக்கிழமையாவே இருக்கணும்னு சட்டம் சொல்லல, இதை தெரியாம ஹெச்ஆர்கிட்ட போய் சண்டை போட்டு பேரை கெடுத்துக்காதீங்க. தமிழ்நாட்டுல 1958-லயே வந்த பண்டிகை விடுமுறை சட்டம் ஒண்ணு இருக்கு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக இன்னும் 5 பண்டிகை நாள் கம்பெனி தரணும். அந்த 5 நாள் எதுன்னு லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி யூனியன்லயோ ஹெச்ஆர்லயோ பெரிய வெள்ளியையும் யோசிங்கன்னு கேட்டுப் பாக்கலாம். பண்டிகை லீவு அன்னைக்கு வேலைக்கு கூப்பிட்டா ரெண்டு மடங்கு சம்பளம், இல்லன்னா சம்பளத்தோட வேற ஒரு நாள் லீவு, இதையும் கேட்டு வாங்கிக்கோங்க.

இப்போ கொஞ்சம் வலிக்கற விஷயம், ஓடி, அதாவது ஓவர்டைம். பல ஞாயித்துக்கிழமை கம்பெனி நம்மளை இழுக்கறதில்ல, டபுள் சம்பளம்னு நாமளேதான் போறோம். வீட்டு லோன், சீட்டு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் எனக்கும் இருக்கு, போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். நானும் வீட்டுல அவங்களும் உக்காந்து பேசி மாசத்துக்கு ஒரு ஞாயிறு ஓடி, அதுக்கு மேல இல்லன்னு முடிவு பண்ணோம், எந்த ஞாயிறுன்னாலும் முதல் ஞாயிறு கிடையாது, அன்னைக்கு எங்க சபையில திருவிருந்து, அப்பமும் ரசமும் எடுக்கற ஆராதனை. முன்கூட்டியே எண்ணிக்கை வச்சுக்கலைன்னா ஒவ்வொரு வாரமும் இந்த ஒரு வாரம் மட்டும்னுதான் தோணும். தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை, குடுக்கறதுக்காக ஓடி போறேன்னு ஒரு தம்பி சொன்னான், அவனை கையைப் புடிச்சு உக்கார வச்சு சொன்னேன், உன் காணிக்கை வந்து நீ வரலன்னா பாஸ்டருக்கு அது சந்தோஷம் இல்லடா. கிருஷ்ணகிரியில மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போறவங்களுக்கு இந்த எண்ணிக்கை ஒத்து வராது, சீசன்ல மே, ஜூன், ஜூலை பழம் வந்துகிட்டே இருக்கும், அழுகறதுக்குள்ள ஓட்டணும். அவங்க அந்த ரெண்டு மூணு மாசத்தை பாஸ்டர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, வார நாள்ல வீட்டுக் கூட்டத்துக்கு வந்துட்டு, சீசன் முடிஞ்சதும் முழுசா வந்தா போதும்.

சனிக்கிழமை நைட் முடிச்சு ஞாயிறு ஆராதனைக்கு வர்றது பத்தி தனியா சொல்லணும். 6 மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் சூளகிரி தாண்டி கிருஷ்ணகிரி வந்து இறக்கி விடறதுக்குள்ள ஏழரை ஆயிடும். வீட்டுக்குப் போய் படுத்துட்டா எந்திரிக்க முடியாது. அதனால ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டு குளிச்சுட்டு நேரா வந்துடுவேன், காலை ஆராதனை முடிஞ்சதும் போய் சாயந்திரம் வரைக்கும் தூங்குவேன். பிரசங்கத்துல கண்ணு சொக்கும். ஒருநாள் தலை தொங்கி தூங்கிட்டேன், முழிச்சு பாத்தா பக்கத்துல இருந்த பாட்டியம்மா என் பைபிள் கீழ விழாம அவங்க மடியில எடுத்து வச்சிருந்தாங்க, அந்த வசனப் பக்கம் மூடாம விரல் வச்சபடி. எனக்கு அது பெரிய பிரசங்கமா இருந்துச்சு. அப்போஸ்தலர் 20-ல ஐத்திகுன்னு ஒரு வாலிபன் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசும்போது தூங்கி மூணாவது மாடியிலிருந்து விழுந்துட்டான், பவுல் இறங்கிப் போய் அவனை அணைச்சுகிட்டாரே தவிர ஒரு வார்த்தை திட்டல. ஆனா பைக்ல வராதீங்க, தூக்கக் கலக்கத்துல ஹைவேஸ்ல வண்டி ஓட்டி சபைக்கு வரணும்னு ஆண்டவர் கேக்கல, பஸ் இல்லன்னா தூங்கிட்டு சாயந்திர ஆராதனைக்கு வாங்க. உங்க சபையில சாயந்திரம் ஆராதனை இல்லையா, ஷிஃப்ட் பாக்கறவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து பாஸ்டர்கிட்ட கேளுங்க, தனியா முணுமுணுக்காதீங்க. கத்தோலிக்க சகோதரங்களுக்கு சனிக்கிழமை சாயந்திர பூசையே ஞாயிறு பூசைக் கடமைக்கு சேரும், திருச்சபை சட்டத்துலயே இருக்கு, நற்கருணைக்கு முன்னாடி ஒரு மணி நேர உபவாசம் போதும், அதனால ஞாயிறு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்தா முந்தின நாளே போயிடுங்க.

லெந்து நாள்ல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, உபவாசம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிரஸ், ஃபர்னஸ், கிரேன் பாக்கறவங்க டியூட்டி அன்னைக்கு வெறும் வயித்துல நிக்காதீங்க. தலை சுத்தி கையை உள்ள விட்டா போறது உங்க கை, பக்கத்துல நிக்கறவனுக்கும் ஆபத்து. உபவாசத்தை வீக் ஆஃப் நாளுக்கு மாத்துங்க, டியூட்டி நாள்ல கறி, டீ, மொபைல்ல வீடியோ பாக்கறது இதை விடுங்க.

தினசரி ஜெபத்துக்கு உள்ள போன் விடமாட்டாங்க, லாக்கர்ல வைக்கணும், அதனால நான் சங்கீதம் ஒண்ணை சின்ன பேப்பர்ல எழுதி சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கறேன், நைட் ஷிஃப்ட்னா 134, மூணே வசனம், ராத்திரியில ஆலயத்துல நிக்கற ஊழியக்காரரைப் பத்தினது. டீ பிரேக்ல படிப்பேன். மிஷின் ஓடற நேரத்துல கண்ணை மூடி ஜெபம் பண்ண மாட்டேன், அது கம்பெனி காசு குடுத்த நேரம். எனக்குக் கீழ வேலை பாக்கற பசங்ககிட்ட டியூட்டியில மத விஷயம் பேச மாட்டேன், அவங்களால என்னை மறுத்துப் பேச முடியாது, அது நியாயமில்ல. யாராவது அவங்களா கேட்டா வெளிய டீக்கடையில உக்காந்து மனசு விட்டு பேசுவேன்.

என்ன பண்ணாலும் சில வருஷம் மாட்டிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி கிறிஸ்மஸ் ராத்திரி எனக்கும் நைட், அவங்களுக்கும் வார்டுல நைட், புள்ளைங்க பாட்டிகூட சபைக்குப் போச்சுங்க. 12 மணி டீ பிரேக்ல லாக்கர்லேர்ந்து போனை எடுத்து கேன்டீன் ஓரமா நின்னு வீடியோ கால் போட்டேன், அவங்களும் ஆஸ்பத்திரி வராண்டாவுலேர்ந்து வந்தாங்க, பெரியவ போனை தூக்கிப் புடிச்சு ஆல்டரைக் காட்டினா, பாஸ்டர் லூக்கா 2 படிச்சுட்டிருந்தாரு, வயல்ல ராத்திரி மந்தையைக் காவல் காத்த மேய்ப்பர்கிட்ட தூதன் வந்த இடம். அவங்க எதுவும் பேசல, கண்ணைத் துடைச்சுகிட்டாங்க. கூட டீ குடிச்சுட்டிருந்த பையன் எட்டிப் பாத்து, "அண்ணா, அந்த மேய்ப்பருங்களுக்கும் நைட் ஷிஃப்ட்டா"ன்னு கேட்டான். ஆமாடா, சேதி முதல்ல அவங்களுக்குத்தான் வந்துச்சுன்னு சொன்னேன். பெல் அடிச்சதும் போனை லாக்கர்ல வச்சுட்டு ரெண்டு பேரும் லைனுக்குப் போனோம்.